மின்தடை நாளில் மூலிகையில் ஜெனரேட்டர் புகை ஏறாமல் காப்பது எப்படி: காவிரி டெல்டாவுக்கான முழுமையான வழிகாட்டி

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, எங்கள் வீட்டு அறையில் துளசியும் நிலவேம்பும் பாதி காய்ந்த நிலையில் இருந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்த புயல் அது. மின்சாரம் எப்போது திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. இரண்டாம் நாள் மாலை ஒரு டீசல் ஜெனரேட்டர் வாடகைக்குக் கிடைத்தது. அதைத் திண்ணையோரம் நிறுத்தி மின்விசிறிகளை ஓட்டினோம். இலை பூசணம் பிடிக்காமல் காய்ந்தது, நிறமும் மங்கவில்லை. பிழைத்தோம் என்று நினைத்தேன். இரண்டு வாரம் கழித்து, வாங்கியவர் மூட்டையைத் திருப்பி அனுப்பினார். வெந்நீரில் போட்டால் லாரிப் புகை நாறுகிறது என்றார். நான் நம்பவில்லை. அம்மா ஒரு டம்ளரில் கொஞ்சம் துளசியைப் போட்டு, கொதிநீர் ஊற்றி, தட்டால் மூடி வைத்தார். ஐந்து நிமிடம் கழித்துத் தட்டைத் திறந்து என் மூக்கருகே நீட்டினார். வாங்கியவர் சொன்னது முழுக்க உண்மை.

அன்று முதல் இந்த ஒன்றைத்தான் படித்தும் செய்து பார்த்தும் கற்றுக்கொண்டிருக்கிறேன். வயல் வரப்பில் கரிசலாங்கண்ணி பறித்து விற்பவர்கள், வல்லாரை, தூதுவளை, ஆடாதோடை, முருங்கை இலை உலர்த்தும் மகளிர் குழுக்கள், வீட்டுத் தேவைக்குக் கறிவேப்பிலை காயவைப்பவர்கள் எல்லோருக்கும் இது பயன்படும்.

இலைக்குள் என்ன நுழைகிறது

ஜெனரேட்டரின் புகையில் கண்ணுக்குத் தெரியும் கரி இருக்கிறது. முழுதாக எரியாத எரிபொருளின் ஆவி இருக்கிறது. பல வளைய ஹைட்ரோகார்பன்கள் எனப்படும் நச்சுக் கூட்டுப் பொருள்கள் இருக்கின்றன. கார்பன் மோனாக்சைடு என்ற, நிறமும் மணமும் இல்லாத வாயுவும் இருக்கிறது. இவற்றில் இலையைக் கெடுப்பவை முதல் மூன்று. நான்காவது இலையை ஒன்றும் செய்யாது; மனிதரைக் கொல்லும். அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

துளசி, கறிவேப்பிலை, நொச்சி போன்ற மணமுள்ள இலைகளில் எண்ணெய் இருக்கிறது. எரிபொருள் ஆவியும் எண்ணெய்த் தன்மை உடையதுதான். எண்ணெயோடு எண்ணெய் எளிதில் கலக்கும். அதனால் சோற்றில் ஏறாத நாற்றம் துளசியில் ஏறிவிடுகிறது. காய்ந்த இலைக்கு இன்னொரு குணமும் உண்டு: அதன் பரப்பு பெரியது, நுண்துளைகள் நிறைந்தது, சுற்றியுள்ள ஈரத்தையும் மணத்தையும் உறிஞ்சக் காத்திருப்பது. தேயிலை டப்பாவின் பக்கத்தில் சோப்பு வைத்தவர்களுக்கு இது புரியும்.

நாற்றம் போனால் நச்சும் போய்விட்டது என்று எண்ணிவிடக் கூடாது. லேசான ஆவிகள் காற்றாடப் போட்டால் ஓரளவு பறந்துவிடும். கரியோடு ஒட்டி வரும் கனமான சேர்மங்கள் இலையிலேயே தங்கிவிடும். அவற்றில் ஒன்றான பென்சோபைரீன் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. உலர்ந்த மூலிகையில் அது ஒரு கிலோவுக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு வைத்திருக்கிறது. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. மருந்து என்று நம்பிக் குடிப்பவருக்கு நாம் தரும் பொருள் இது. டெங்கு நாட்களில் நிலவேம்புக் குடிநீரைக் குழந்தைகளுக்கும் கொடுக்கிறார்கள்.

முதல் படி: ஐப்பசிக்கு முன்பே அறையைத் தயார் செய்தல்

“ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை” என்பார்கள். வேலை புரட்டாசியிலேயே தொடங்க வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தபின் ஓட்டையை அடைக்க நேரம் இருக்காது.

கீற்றுக் கொட்டகையில் புகையைத் தடுக்கவே முடியாது. ஓட்டு வீட்டில் ஒவ்வொரு ஓட்டின் இடுக்கும் ஒரு வாசல். முற்றம் வைத்த பழைய வீடுகள் இன்னும் மோசம்: வெயிலில் முற்றத்தின் காற்று சூடேறி மேலே போகும்போது, திண்ணைப் பக்கக் காற்றை உள்ளே இழுக்கும். நாங்கள் 2018-இல் செய்த பிழை அதுதான். திண்ணையில் நின்ற இன்ஜின் புகையை வீடே இழுத்துக் குடித்தது. எனவே மெத்தை வீட்டின் ஓர் அறையை, அதாவது கான்கிரீட் கூரை உள்ள அறையை, இலைக்கு ஒதுக்குங்கள். எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு ஜன்னல்கள் இருந்தால் நல்லது. ஏன் என்பது பின்னால் விளங்கும்.

பிறகு ஓட்டைகளைத் தேடுங்கள். ஜன்னலுக்கு மேலுள்ள காற்றுத் துவாரம், மின்வயர் நுழையும் துளை, சுவிட்ச் பலகையின் பின்புறம், கதவின் கீழ் இடைவெளி, தரையைக் கழுவி விடும் நீர்ப்போக்குத் துளை. இந்தக் கடைசித் துளையை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். தரையோடு படரும் புகை அதன் வழியாகத்தான் வரும். ஒரு நூலை ஒவ்வோர் இடத்திலும் தொங்கவிட்டுப் பாருங்கள். நூல் அசைந்தால் காற்று வருகிறது. ஊதுபத்திப் புகையை வைத்தும் பார்க்கலாம், ஆனால் அறையில் இலை இல்லாத நாளில் மட்டும். துவாரங்களுக்குக் கழற்றி மாட்டும் பலகையோ தடித்த பாலித்தீனோ போதும். கதவின் கீழே பழைய வேட்டியைச் சுருட்டி வையுங்கள். ஈரத்துணி வேண்டாம். அது புகையின் வாயுவைத் தடுக்காது. அறையின் ஈரத்தை மட்டும் கூட்டும்.

இருபது ரூபாய்ச் செலவில்லாத ஒரு வேலையையும் இப்போதே முடித்துவிடலாம்: சுற்றிலும் வேறு யாருடைய ஜெனரேட்டர்கள் இருக்கின்றன என்று ஒரு நடை நடந்து பாருங்கள். கைபேசிக் கோபுரம், திருமண மண்டபம், ஐஸ் கம்பெனி, பெட்ரோல் பங்க், பக்கத்து வீட்டு டீசல் பம்ப்செட். மின்சாரம் போனால் இவை எல்லாம் ஒரே நேரத்தில் உறுமும். நம் இன்ஜினைத் தள்ளி வைத்துவிட்டு அடுத்த வீட்டு இன்ஜின் பக்கம் ஜன்னலைத் திறந்தால் பயனில்லை.

இரண்டாம் படி: ஜெனரேட்டரின் வேலையைக் குறைத்தல்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். இலை உலர மின்விசிறி வேண்டும். மின்விசிறிக்கு ஜெனரேட்டர் வேண்டும் என்பதில்லை. ஜெனரேட்டர் பேட்டரியை நிரப்பட்டும். பேட்டரி மின்விசிறியை ஓட்டட்டும். அப்போது இன்ஜின் ஓடும் நேரத்தையும் அறை திறந்திருக்கும் நேரத்தையும் தனித்தனியாகப் பிரித்துவிடலாம். இலையும் இன்ஜினும் ஒரே நேரத்தில் ஒரே காற்றில் இருக்கவே தேவையில்லை.

கணக்கைப் பார்ப்போம். வீடுகளில் வழக்கமாக இருக்கும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஏறத்தாழ 1800 வாட்-மணி ஆற்றல் இருக்கிறது. பேட்டரி கெடாமல் அதில் 60 சதவீதத்தை எடுக்கலாம் என்று வைத்தால், சுமார் 1080. பழைய மின்விசிறி ஒன்று 75 வாட் இழுக்கும். நான்கு ஓடினால் 300 வாட், இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்தால் மூன்று மணி நேரத்தில் பேட்டரி முடிந்துவிடும். பி.எல்.டி.சி. எனப்படும் சிக்கன மோட்டார் வைத்த மின்விசிறி 30 வாட் அளவே இழுக்கும். அதே நான்கு, அதே பேட்டரி, ஏழு மணி நேரம். ஓர் இரவைக் கடத்திவிடலாம். மழைக்காலத்துக்கு முன் காசு செலவழிக்க ஒரே ஓர் இடம்தான் உண்டு என்றால், பெரிய ஜெனரேட்டரை விட்டுவிட்டு இந்த மின்விசிறிகளை வாங்குங்கள்.

பேட்டரி நிரம்புவது மெதுவாகத்தான் நடக்கும். வீட்டு இன்வெர்ட்டர்கள் 10 முதல் 15 ஆம்பியர் அளவில்தான் ஏற்றும். மூன்று மணி நேரம் ஜெனரேட்டர் ஓடினால் ஏறக்குறைய மூன்று மணி நேரத்துக்கு அந்த நான்கு மின்விசிறிகள் சுழலும். குறைவாகத் தோன்றலாம். ஆனால் பகலில் நல்ல காற்று வீசும் நேரத்தில் மின்விசிறியே வேண்டாம் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால் நாள் ஓடிவிடும். கூரையில் ஒரு சூரியத் தகடு இருந்தால் இன்னும் நல்லது. மேகமூட்டத்தில் அதன் உற்பத்தி வெகுவாகக் குறையும் என்பதையும், புயல் வருவதற்கு முன் அதைக் கழற்றி இறக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஜெனரேட்டர் வாங்குவதானால் சிறியதாக வாங்குங்கள். பெரிய டீசல் இன்ஜினில் நான்கு மின்விசிறி மட்டும் ஓடினால் அது போதுமான சூட்டை எட்டாது. டீசல் முழுதாக எரியாமல் வெள்ளைப் புகையாகவும் பிசுக்காகவும் வெளியே வரும். இன்ஜின் தன் திறனில் பாதி முதல் முக்கால் வரை சுமை தாங்கும்போதுதான் ஓரளவு சுத்தமாக எரிகிறது. ஆகவே ஜெனரேட்டரை ஓட்டும் அந்த நேரத்திலேயே நீர் மோட்டாரையும், குளிர்பதனப் பெட்டியையும், கைபேசிகளையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள். மண்ணெண்ணெய் கலந்து ஓட்டும் பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. மூலிகை உள்ள வீட்டில் அதைச் செய்யவே கூடாது. அந்த நாற்றம் எளிதில் போகாது.

மூன்றாம் படி: இன்ஜினை எங்கே நிறுத்துவது

“தள்ளி வை” என்று எல்லோரும் சொல்வார்கள். எவ்வளவு, எந்தப் பக்கம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மனிதர் பாதுகாப்புக்கு வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி என்பது உலகெங்கும் சொல்லப்படும் அளவு. இலைக்கு அது போதாது. 60 அடி கொடுக்க முடிந்தால் கொடுங்கள். காரணம் இது: காற்று வீட்டின் மீது மோதி, மேலும் பக்கவாட்டிலும் சுற்றிப் போய், வீட்டின் மறுபுறத்தில் சுழன்று திரும்பச் சுவரில் வந்து அடிக்கும். வீட்டின் உயரத்தைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கு தூரம் வரை இந்தச் சுழல் இருக்கும். 12 அடி உயர வீடென்றால் 36 முதல் 60 அடி. காற்று போகும் பக்கம்தானே வைத்திருக்கிறோம் என்று கொல்லைச் சுவரை ஒட்டி நிறுத்துபவர்கள், புகை சுவரேறி ஜன்னலுக்குள் போவதைப் பார்த்துத் திகைப்பதற்கு இதுதான் காரணம். இடம் குறைவாக இருந்தால் வீட்டுக்குப் பின்னால் வைப்பதைவிட, காற்று வீட்டைத் தொடாமல் கடந்து போகும் பக்கவாட்டில் வைப்பது மேல்.

நம் மழைக்காலத்தில் வாடை வடகிழக்கிலிருந்து வருகிறது. அப்போது இன்ஜின் தென்மேற்கில். ஆனியிலும் ஆடியிலும் மேல்காற்று வீசும்போது கிழக்கில். கடற்கரை ஊர்களில், வேதாரண்யம், தரங்கம்பாடி, நாகூர்ப் பக்கம், பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து ஏறிவிடும். காலையில் சரியாக இருந்த இடம் மாலையில் தவறாகிவிடும். அதனால்தான் நான் இரண்டு இடங்களில் சிமெண்ட் மேடை போட்டு, ஜெனரேட்டரைச் சக்கரம் வைத்த வண்டியில் ஏற்றியிருக்கிறேன். கம்பத்தின் உச்சியில் ஒரு துணிக் கீற்றைக் கட்டி வைத்திருக்கிறேன். இன்ஜினைத் தொடங்கும் முன் அண்ணாந்து அதைப் பார்ப்பது இப்போது கைப்பழக்கம்.

புயல் நாட்களில் காற்றின் திசை திரும்புவதை நம் மீனவர்கள் நன்றாக அறிவார்கள். நம் கடலில் புயல்காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. கிழக்கிலிருந்து வரும் புயலின் பாதைக்கு வடக்கே உள்ள ஊரில் முதலில் வடகிழக்கிலிருந்து அடிக்கும். புயல் கடந்தபின் தென்கிழக்கிலிருந்து அடிக்கும். பாதைக்குத் தெற்கே உள்ள ஊரில் வடமேற்கில் தொடங்கித் தென்மேற்குக்கு மாறும். முந்தின மாலை பார்த்து வைத்த இடம் மறுநாள் காலை தவறான இடமாகியிருக்கலாம். புயல் வீசும்போது ஜெனரேட்டரைத் தொடவே வேண்டாம். ஓய்ந்த பின், திசையைப் புதிதாகப் பார்த்து வையுங்கள்.

மார்கழி, தை மாதப் பின்னிரவுகள் வேறு வகைச் சிக்கல். காற்றே இருக்காது. பனி தரையோடு படிந்து கிடக்கும், புகையும் அதனோடு சேர்ந்து கிடக்கும். வயலுக்கு நடுவே உள்ள வீட்டில்கூட அது கலையாது. பின்னிரவில் இன்ஜினை ஓட்டாதீர்கள்.

புகைக்குழாயை வீட்டுக்கு எதிர்த்திசையில் திருப்புங்கள். நிலையாக வைத்த டீசல் இன்ஜின் என்றால் குழாயை மேலே உயர்த்தலாம். அதற்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்கு ஒன்று இருக்கிறது: கட்டடத்தின் உயரத்துக்கு மேல், ஜெனரேட்டரின் கே.வி.ஏ. எண்ணின் (அதன் திறனைக் காட்டும் அளவு) வர்க்கமூலத்தை 0.2-ஆல் பெருக்கினால் வரும் மீட்டர். 15 கே.வி.ஏ. என்றால் கூரைக்கு மேல் முக்கால் மீட்டருக்குச் சற்று அதிகம். சிறிய பெட்ரோல் ஜெனரேட்டரில் மெல்லிய குழாயை நீளமாக ஒட்டவைக்கும் வேலை வேண்டாம். புகை வெளியேறத் திணறி இன்ஜின் கெடும், கசிவும் கூடும். மழைக்கு நான்கு கால் நட்டு ஒரு தகரம் போதும். நாலு பக்கமும் திறந்திருக்க வேண்டும்.

தூரம் கூடினால் வயரும் நீளும். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் மின்விசிறிக்கும் பேட்டரிக்கும் தாராளம். வயர் நீரில் கிடக்காமல் கம்பு நட்டு உயர்த்திக் கட்டுங்கள். வெளிமின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் சுவர்ப் பிளக்கில் ஜெனரேட்டரைச் செருகுவது கொலைக்குச் சமம். நம் மின்சாரம் வெளிக்கம்பிக்கு ஏறி, மின்மாற்றியில் உயர் அழுத்தமாக மாறி, புயலுக்குப் பின் சேற்றில் நின்று நமக்காகக் கம்பி இழுக்கும் மின்வாரிய ஊழியரைத் தாக்கும்.

நான்காம் படி: மின்சாரம் போனதும் இலையைப் பிரித்தல்

மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்தடை முன்கூட்டியே அறிவிக்கப்படும். பெரும்பாலும் பகலில் முடிந்துவிடும். அதற்கு ஜெனரேட்டரே வேண்டாம், ஜன்னலைத் திறந்தால் போதும். புயல் எச்சரிக்கை வந்தால் புதிதாக இலை பறிக்காதீர்கள். செடியில் இருக்கும் இலைதான் நல்ல சேமிப்பு.

ஏற்கனவே அறையில் இருப்பதை மூன்றாகப் பிரிக்க வேண்டும். கையில் கசக்கினால் நொறுங்கும் பதத்தில் இருப்பது முதல் வகை. இதை இன்ஜினைத் தொடங்கும் முன்பே காற்றுப் புகாத எவர்சில்வர் தூக்கிலோ இறுக்க மூடும் டின்னிலோ அடைத்துவிடுங்கள். காய்ந்த இலைதான் நாற்றத்தை வேகமாக உறிஞ்சும், நமுத்தும் போகும். மெல்லிய பாலித்தீன் பையை நம்ப வேண்டாம். பெட்ரோல் ஆவி அதைக் கடந்து போகும். டின்னின் அடியில் ஒரு சிறு துணிமூட்டையில் நீறாத கிளிஞ்சல் சுண்ணாம்பை வைத்து, மேலே தடித்த தாளைப் பரப்பி இலையைப் போட்டால், மிச்ச ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். நீர் பட்டால் சுண்ணாம்பு கொதிக்கும், கையில் கவனம்.

பாதி காய்ந்து துவண்டிருப்பது இரண்டாம் வகை. கவலையெல்லாம் இதைப் பற்றித்தான். இதை மூடவும் முடியாது, திறந்து போடவும் முடியாது. மூடினால் சில மணி நேரத்தில் உள்ளே சூடேறிக் கறுத்துவிடும். இருக்கும் தட்டுகளை எல்லாம் இதற்குக் கொடுங்கள், இலைமேல் இலை படாமல் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள், மின்விசிறியை இதன் பக்கம் திருப்புங்கள்.

அன்று பறித்த பச்சை இலை மூன்றாம் வகை. 20 கிலோ பச்சிலையில் சுமார் 15 கிலோ தண்ணீர் வெளியேற வேண்டும். அத்தனை நீரையும் மின்சாரம் இல்லாமல் அடைமழையில் வெளியேற்ற முடியாது. கொஞ்சத்தைக் கஷாயமாகவோ தைலமாகவோ காய்ச்சிவிடலாம், அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்துவிடலாம், மீதியை எருக்குழியில் போடலாம். எல்லாவற்றையும் காப்பாற்றப் போய் எல்லாவற்றையும் இழப்பதை நான் பார்த்திருக்கிறேன். மனது கேட்காதுதான், இருந்தாலும் விடுங்கள்.

ஐந்தாம் படி: இன்ஜின் ஓடும் நேரத்தில் அறை

நேரத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். காலையில் பனி விலகி, துணிக் கீற்று அசையத் தொடங்கியதும் ஒன்றரை மணி நேரம் இன்ஜின். பிறகு நிறுத்தி, அரை மணி நேரம் காத்திருந்து, அறையைத் திறந்து மாலை வரை இயற்கைக் காற்று. மாலையில் காற்று ஓயும் முன் மறுபடி ஒன்றரை மணி நேரம். இரவில் பேட்டரி தாங்கும் வரை மின்விசிறி.

இன்ஜின் ஓடும்போது அறை அடைத்திருக்கும். உள்ளே மின்விசிறி ஓடட்டும், எக்ஸாஸ்ட் மின்விசிறியை மட்டும் கட்டாயம் நிறுத்துங்கள். பலரும் இதை நேர்மாறாகச் செய்கிறார்கள். புகை வந்துவிடுமே என்று எக்ஸாஸ்டை முழு வேகத்தில் விடுகிறார்கள். அது அறைக் காற்றை வெளியே தள்ளத் தள்ள, அந்த இடத்தை நிரப்பக் கதவிடுக்கு, வயர்த்துளை, தரைத்துளை என்று எல்லாவற்றின் வழியாகவும் வெளிக்காற்று உள்ளே பாயும். அந்த வெளிக்காற்றில்தான் புகை இருக்கிறது. அறையையே உறிஞ்சு குழாயாக மாற்றுகிறோம்.

வெளியே ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தொட்டு நிற்கும் மழை நாளில், ஒன்றரை மணி நேரம் அறையை அடைத்து வைப்பதால் உலர்தல் பெரிதாகத் தடைபடாது. வெளிக்காற்றும் நனைந்த துணியைப் போலத்தான் இருக்கிறது. சின்ன ஈரப்பதமானி ஒன்றை அறையிலும் ஒன்றை வெளியிலும் மாட்டி, உள்ளேயைவிட வெளியே ஈரம் குறைவாக இருக்கும் நேரத்தில் மட்டும் ஜன்னலைத் திறப்பது என்று வைத்துக்கொண்டால் மழைநாளிலும் நல்ல சரக்கு வரும்.

நீண்ட நேரம் இன்ஜினை ஓட்டியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், எதிர்முறையைக் கையாளுங்கள். இன்ஜினுக்கு எதிர்ப்புறம், சுத்தமான காற்று வரும் பக்க ஜன்னலில், உள்நோக்கித் தள்ளும்படி ஒரு மின்விசிறியைப் பொருத்துங்கள். மறுபக்க ஜன்னலைக் கையகலம் திறந்து வையுங்கள். அறைக்குள் காற்றழுத்தம் சற்றுக் கூடுவதால் ஒவ்வோர் இடுக்கிலும் காற்று வெளிநோக்கிப் போகும். புகையால் எதிர்த்து வர முடியாது. நூலைத் தொங்கவிட்டால் எல்லா இடத்திலும் வெளிப்பக்கம் சாய வேண்டும். ஓரிடத்தில் உள்ளே சாய்ந்தாலும் அங்கே புகை வரும். உள்வரும் காற்றின் முன் துணியைக் கட்டினால் தூசியையும் கரியில் கொஞ்சத்தையும் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. நாற்ற ஆவியைப் பிடிக்க ஆக்டிவேட்டட் கார்பன் எனப்படும் ஊக்கமூட்டிய கரி நிரப்பிய வடிகட்டி வேண்டும். எந்தத் துணியும் எந்தக் கரியும் கார்பன் மோனாக்சைடைத் தடுப்பதில்லை.

இலைக்குக் காவல் இருப்பவர்

நம் வீடுகளில் இலை காயும் அறையிலேயே பாய் விரித்து ஒருவர் படுத்துக்கொள்வார், அவ்வப்போது எழுந்து கிளறிவிடுவார். எங்கள் வீட்டில் அது அப்பாவின் வேலை. ஜெனரேட்டர் ஓடும் இரவில் அடைத்த அறையில் யாரும் தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடு காற்றின் கனத்தையே ஒத்தது. மேலும் போகாது கீழும் தங்காது, அறை முழுக்கச் சமமாகப் பரவும். ரத்தத்தில் ஆக்சிஜன் அமரும் இடத்தை அதைவிட 200 மடங்குக்கும் மேலான பிடியோடு பற்றிக்கொள்ளும். புகை நாற்றம் இல்லாததால் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் ஆகியவை வீட்டில் இருவருக்கு ஒரே நேரத்தில் வந்தால் தயங்க வேண்டாம், உடனே எல்லோரும் திறந்த வெளிக்கு வந்து 108-ஐ அழையுங்கள். பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி கடையில் கிடைக்கிறது. படுக்கும் அறையில் ஒன்று இருக்கட்டும்.

ஆறாம் படி: கை, துணி, சாக்கு

புகையை முழுக்கத் தடுத்த பிறகும் டீசல் நாற்றம் ஏறிய ஒரு தடவை, எங்கே தவறினோம் என்று இரண்டு நாள் தேடினேன். இன்ஜினுக்கு டீசல் ஊற்றிய கையோடு இலையைக் கிளறியிருக்கிறோம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எரிபொருளைத் தொடுபவர் வேறு, இலையைத் தொடுபவர் வேறு. ஒருவரே இரண்டையும் செய்ய நேர்ந்தால் சட்டையை மாற்றி, சோப்பால் முழங்கை வரை கழுவ வேண்டும். எரிபொருள் கேனை இலை அறைக்குப் பக்கத்துத் தாழ்வாரத்தில்கூட வைக்காதீர்கள். மூட்டையை ஏற்றிப் போகும் வண்டியில் டீசல் கேன் பயணம் செய்திருக்கிறதா என்று கேளுங்கள். சாக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை: சணலை நூற்கும்போது கனிம எண்ணெய் சேர்ப்பது வழக்கம். புதுச் சாக்கில் வரும் மண்ணெண்ணெய் போன்ற வாடை அதுதான். இலைக்குப் பருத்திப் பையோ, உணவுத் தரப் பையோ பயன்படுத்துங்கள்.

ஏழாம் படி: சோதித்துப் பார்த்தல்

ஜெனரேட்டரைத் தொடும் முன் ஒரு பிடி இலையைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து வைத்துவிடுங்கள். இதுதான் ஒப்பிட்டுப் பார்க்கும் சான்று. தட்டுகளுக்கு நடுவே ஒரு வெள்ளைத் துணியைத் தொங்கவிடுங்கள். கரி படிந்தால் துணி சொல்லிவிடும்.

பிறகு அம்மாவின் முறை. இரண்டு டம்ளர். ஒன்றில் புட்டியில் இருந்த இலை, இன்னொன்றில் ஜெனரேட்டர் நாளில் காய்ந்த இலை, இரண்டிலும் ஒரே அளவு. கொதிநீர் ஊற்றித் தட்டால் மூடி, ஐந்து நிமிடம் கழித்துத் தட்டின் அடிப்பக்கத்தை முகர வேண்டும். நாள் முழுக்க இன்ஜின் பக்கம் நின்றவரின் மூக்கு மரத்துப் போயிருக்கும். அவர் முகர்வது கணக்கில் வராது. வெளியிலிருந்து வந்த ஒருவரைக் கூப்பிட்டு, எது எந்த இலை என்று சொல்லாமல் முகரச் செய்யுங்கள். பெரிய அளவில் விற்பவர்கள், ஏற்றுமதிக்குக் கொடுப்பவர்கள் ஆய்வகத்தில் பல வளைய ஹைட்ரோகார்பன் சோதனை செய்து சான்று வாங்குவது நல்லது.

ஏறிவிட்டால்

கழுவினால் போகாது. வெயிலில் போட்டால் துளசியின் மணம்தான் முதலில் போகும். நல்ல சரக்கோடு கலந்து நாற்றத்தை மறைப்பது, வாங்குபவருக்கு மட்டும் செய்யும் தீங்கல்ல, அதைக் குடிக்கப் போகிற நோயாளிக்குச் செய்யும் தீங்கு. பொடியாக்கி விற்பதும் அதேதான். திரும்பி வந்த எங்கள் துளசி மூட்டையைக் கொல்லையின் கோடியில், கிணற்றுக்கு எட்டாத இடத்தில் குழி வெட்டிப் புதைத்தோம். ஒரு பருவத்து உழைப்பு அது. அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அறையையும் தட்டுகளையும் அப்படியே அடுத்த ஈட்டுக்குப் பயன்படுத்தாதீர்கள். வலைத்தட்டுகளைச் சோப்பும் வெந்நீரும் கொண்டு தேய்த்து வெயிலில் இரண்டு நாள் காயவிடுங்கள். மின்விசிறி இறக்கைகளில் படிந்த பிசுக்கைத் துடையுங்கள். கரி அங்கேதான் ஒளிந்திருந்து மறுபடி தூவும். சுவரைக் கழுவி ஒரு பூச்சு வெள்ளையடித்து, அறையை ஒரு வாரம் காற்றாடத் திறந்து வையுங்கள். அதன்பின் ஒரு கைப்பிடி புதுத் துளசியை மட்டும் ஓர் இரவு உள்ளே வைத்து, காலையில் டம்ளரில் போட்டு மூடி முகர்ந்து பாருங்கள். துளசி வாசம் மட்டுமே வந்தால், தட்டுகளை மறுபடி நிரப்பலாம்.